அணியை விற்க வைப்பது வரியா?

கிரிக்கெட் அணி ஒன்று விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி வெளியானால், வரிதான் காரணம் என்ற விளக்கமும் சூட்டோடு சூடாக வந்துவிடுகிறது. வரி ஏறப்போகிறது, அதற்குள் விற்றுவிடப் பார்க்கிறார்கள் என்பது ஒரு சாரார் பேச்சு. வரி இறங்கிவிட்டது, அதனால் விற்கிறார்கள் என்பது மற்றொரு சாரார் பேச்சு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே முடிவைச் சொல்லும் விளக்கம் சந்தேகத்துக்குரியது. ஐபிஎல் அணிகள் கைமாறிய வரலாற்றோடு ஒப்பிட்டால் அது தேறுவதும் இல்லை. விற்பனை எந்த வடிவில் நடக்க வேண்டும் என்பதில் வரிக்குப் பங்கு உண்டு. விற்பதா வேண்டாமா என்ற முடிவு வேறு இடத்தில் எடுக்கப்படுகிறது.

இதற்கு முதல் சான்று திருநெல்வேலிச் சீமையிலேயே கிடைக்கிறது. சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-ல் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு அதன் ‘சங்கர்’ சிமெண்ட் மூட்டை பழகிய பொருள். ஆலையை ஒட்டிய சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் நடக்கின்றன. இந்த நிறுவனம்தான் 2008 ஜனவரி ஏலத்தில் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 360 கோடி ரூபாய். பிற்பாடு அணி தனி நிறுவனமாக்கப்பட்டு, அதன் பங்குகள் இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. சிமெண்டை நம்பிப் பங்கு வாங்கி வைத்திருந்தவர்கள், தாம் கேட்காமலேயே தோனி ஆடும் அணிக்கும் பங்காளிகள் ஆனார்கள்.

2024 ஜூலை 23 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட் நீண்ட கால மூலதன ஆதாய வரியை மாற்றியமைத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளுக்கு 10 சதவீதமாக இருந்த வரி 12.5 ஆக ஏறியது. பட்டியலிடாத பங்குகளுக்கு, விலைவாசிக் குறியீட்டுச் சலுகையோடு 20 சதவீதமாக இருந்தது, அந்தச் சலுகை இல்லாமல் 12.5 ஆனது. இந்தியா சிமெண்ட்ஸ் பட்டியலிட்ட நிறுவனம். சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம் பட்டியலிடாதது. அதாவது ஒரே நாளில், இரண்டையும் கட்டுப்படுத்திய சீனிவாசன் குடும்பத்தின் இரண்டு சொத்துகளில் சிமெண்ட் மீதான வரி கூடியது, அணி மீதான வரி குறைந்தது.

அடுத்து நடந்தது என்ன? ஐந்தே நாளில், ஜூலை 28 அன்று, புரொமோட்டர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் வைத்திருந்த 32.72 சதவீத இந்தியா சிமெண்ட்ஸ் பங்கை, பங்கு ஒன்று 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு வாங்குவதாக இன்னொரு சிமெண்ட் நிறுவனமான அல்ட்ராடெக் அறிவித்தது. டிசம்பரில் அது முடிந்தது. அணி விற்கப்படவில்லை, சீனிவாசன் குடும்பத்திடமே இருந்தது. வரி கூடிய சொத்து போனது, வரி குறைந்த சொத்து தங்கியது. பரவலான கூற்று உண்மையானால் தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்! சிமெண்டை விற்றதற்குக் காரணம் சிமெண்டிலேயே இருந்தது. நிறுவனம் நஷ்டத்திலும் கடன் சுமையிலும் இருந்தது. அதானி குழுமமும் அல்ட்ராடெக்கும் தென்னிந்திய ஆலைகளைப் போட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்தன. நல்ல விலை சொல்ல ஆள் இருந்த நேரத்தில் பேரம் படிந்தது. இரண்டரை சதவீத வரி உயர்வு அதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடவில்லை.

குறியீட்டுச் சலுகை போனதால் அணி உரிமையாளர்களுக்கும் நஷ்டம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். விலைவாசிக் குறியீடு 2008-09-ல் 137, 2024-25-ல் 363. அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சொத்தின் அடக்கம் பழைய முறைப்படி 265 ஆகும். அதை 1,000 ரூபாய்க்கு விற்றால் 735 ரூபாய் ஆதாயத்துக்கு 20 சதவீதம், 147 ரூபாய் வரி. புதிய முறையில் 900 ரூபாய்க்கு 12.5 சதவீதம், 112.50 ரூபாய்தான். 16 ஆண்டில் 5.4 மடங்குக்கு மேல் வளராத சொத்துக்கே புதிய முறை பாதகம். ஐபிஎல் அணிகள் அந்த ரகம் அல்ல. 2021-ல் புதிதாக வந்த லக்னோ அணி மட்டும் 7,090 கோடிக்கு ஏலம் போனது.

குஜராத் டைட்டன்ஸ் இன்னொரு சான்று. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமான சிவிசி கேப்பிட்டல் 2021 அக்டோபர் ஏலத்தில் இதை 5,625 கோடிக்கு எடுத்தது. முதல் சீசனிலேயே கோப்பையும் வந்தது. விற்று லாபம் பார்ப்பதே இத்தகைய நிறுவனங்களின் தொழில் என்றாலும், கிரிக்கெட் வாரியம் விதித்த தடைக்காலம் 2025 பிப்ரவரி வரை இருந்தது. அது முடிந்ததை ஒட்டி டொரண்ட் குழுமம் 67 சதவீதப் பங்கை வாங்கியது. வெளிநாட்டவர் பட்டியலிடாத பங்கை விற்றால் கட்ட வேண்டிய வரியும் அதே 2024 பட்ஜெட்டில் 10-லிருந்து 12.5 ஆகக் கூடியிருந்தது. வரிக்கு அஞ்சுபவர் என்றால் இங்கே தயங்கியிருக்க வேண்டும். கதவைப் பூட்டியதும் திறந்ததும் வாரியத்தின் ஒப்பந்தம்.

இதே பேரத்தில் இன்னொரு வரி விதியும் அடிபட்டுப் போனது. ஒரு சிலர் கையில் மட்டும் பங்கு உள்ள நிறுவனத்தில் 49 சதவீதத்துக்கு மேல் பங்கு கைமாறினால், அதன் பழைய வியாபார நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கும் உரிமை போய்விடும். வரியே பெரிது என்றால் 49-ல் நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வாங்கியவர்கள் 67 கேட்டார்கள். அணியை யார் நடத்துவது, ஏல மேசையில் யார் உட்காருவது என்பதற்கு முன்னால் பழைய நஷ்டக் கணக்கு எடுபடவில்லை.

பெங்களூரு அணி விஷயத்தில் தேதியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாதம் கிளம்பியது. அணியை அப்போது வைத்திருந்த யுனைடெட் ஸ்பிரிட்ஸ், அணி முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாகவும் அதை 2026 மார்ச் 31-க்குள் முடிக்க எண்ணுவதாகவும் 2025 நவம்பரில் அறிவித்தது. 1961-ன் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வரவிருந்தது. ஆகவே அதற்கு முன் விற்க அவசரம் என்றார்கள். புதிய சட்டம் பிரிவுகளை மறுவரிசைப்படுத்தி மொழியை எளிதாக்கியதே தவிர, மூலதன ஆதாய வரி விகிதத்தைத் தொடவில்லை. மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாள். இந்தியாவில் பாதிக் காலக்கெடுக்கள் அந்த நாளில்தான் வந்து விழுகின்றன. காரணத்தை நிறுவனமே சொல்லிவிட்டது: தன் மைய வியாபாரம் மது, கிரிக்கெட் அல்ல. 2025 ஜூனில் அணி முதல் முறையாகக் கோப்பை வென்றதில் அதன் மதிப்பும் உச்சத்தில் இருந்தது.

உரிமையாளர்கள் உண்மையிலேயே வெளியேற்றப்பட்ட நிகழ்வுகளைப் பார்த்தால் வரியின் பெயரே வருவதில்லை. 2011-ல் கொச்சி அணி வங்கி உத்தரவாதம் கட்டாததால் நீக்கப்பட்டது. 2012-ல் கடனில் மூழ்கிய டெக்கான் சார்ஜர்ஸ் ரத்தாகி, ஹைதராபாத் உரிமையை ஆண்டுக்கு 85.05 கோடிக்கு சன் டிவி எடுத்தது. 2013-ல் புனே அணியின் சஹாரா வாரியத்தோடு மோதி விலகியது. எல்லாமே கடனும் உத்தரவாதமும்தான்.

ஜிஎஸ்டி பற்றிய வாதம் எளிதில் முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு வரி 28-லிருந்து 40 சதவீதமாகியது. சேப்பாக்கத்தில் 1,000 ரூபாய் டிக்கெட் 1,280-லிருந்து 1,400 ஆகும். அதே மைதானத்தில் சர்வதேசப் போட்டிக்கு 18 சதவீதமே. இது நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆனால் இதனால் அணிகளின் விலை சரியும் என்பவர்கள் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அணிகளின் வருமானத்தில் பெரும் பகுதி அந்தத் தொகையில் கிடைக்கும் பங்கு. கூடுதல் 120 ரூபாயைக் கொடுப்பவர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகர்.

வாங்குபவர் பக்கத்திலிருந்து வரும் வாதம் சற்றுக் கனமானது: அணி வாங்கிய விலையையே தேய்மானமாகக் காட்டி மற்ற லாபத்துக்கு வரி கட்டாமல் தப்பிக்கலாம், ஆகவே பெரும்புள்ளிகள் வாங்குகிறார்கள் என்பது. அமெரிக்காவில் இது நடக்கிறது. பேஸ்பால் உரிமையாளர் பில் வெக் வீரர்களின் ஒப்பந்தங்களைத் தேய்மானச் சொத்தாகக் காட்டும் வழியைப் புகழ்பெறச் செய்தார். 2004 சட்டப்படி அணியின் மொத்த விலையையும் 15 ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் நிலைமை வேறு. அணியின் உரிமத்தை நேரடியாக வாங்கினால்தான் தேய்மானம் பற்றிய பேச்சே எழும். அணியை நடத்தும் நிறுவனத்தின் பங்கை வாங்கினால் கொடுத்த விலைக்குத் தேய்மானம் கிடையாது. குஜராத்தில் கைமாறியது பங்கு. 2018-ல் ஜேஎஸ்டபிள்யூ 550 கோடிக்கு டெல்லி அணியில் பாதியை வாங்கியதும் பங்காகத்தான். நற்பெயர் மதிப்புக்கான தேய்மானத்தை 2021 நிதிச் சட்டம் நீக்கிவிட்டது. அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

அமெரிக்காவிலும் கூற்று முழுதாகத் தேறவில்லை. மூலதன ஆதாய வரி 15-லிருந்து 20 சதவீதமாக 2013 ஜனவரியில் ஏறியது. முந்தைய ஆண்டில் நடந்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி விற்பனையை அதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. 215 கோடி டாலருக்கு அதை விற்ற ஃபிராங்க் மெக்கோர்ட்டின் அணி அதற்கு முந்தைய ஆண்டே திவாலாகி நீதிமன்றத்தில் நின்றது. கூடவே விவாகரத்து வழக்கு. 2025-ல் தேய்மானச் சலுகையைப் பாதியாக்கும் ஷரத்தோடு ஒரு மசோதா கீழவையில் நிறைவேறியிருந்தது. அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பில் பேசி முடிக்கப்பட்டது. ஜூலையில் வந்த இறுதிச் சட்டத்தில் அந்த ஷரத்து இல்லை.

வரி உண்மையிலேயே அணியை விற்க வைக்கும் இடம் ஒன்று உண்டு, அது மரணம். அமெரிக்கக் கால்பந்து அணியான மியாமி டால்ஃபின்ஸின் உரிமையாளர் ஜோ ராபி 1990-ல் இறந்தார். வாரிசுரிமை வரிச் சுமையாலும் குடும்பச் சண்டையாலும் 1994-ல் அணி வேறு கைக்குப் போனது. அதே நாட்டுச் சட்டம் வேறு விதமாகவும் வேலை செய்கிறது: உரிமையாளர் இறந்த அன்றைய சந்தை விலையே வாரிசுக்கு அடக்க விலை ஆவதால், வாழ்நாள் முழுவதும் சேர்ந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. ஆகவே வயதானவர்கள் விற்காமல் கடைசி வரை வைத்திருக்கிறார்கள். வரியின் செல்வாக்கை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் விற்க வைப்பதைவிட விற்க விடாமல் வைப்பதில்தான் அது அதிகம் தெரிகிறது. இந்தியாவில் எஸ்டேட் டூட்டி 1985 மார்ச்சில் ஒழிந்தது. தந்தையிடமிருந்து மகளுக்கு அணி போனால் வரி இல்லை. பழைய அடக்க விலையும் சேர்ந்தே போகும், எப்போது விற்றாலும் அதிலிருந்துதான் கணக்கு. அமெரிக்க உரிமையாளரைத் தள்ளும் வரியும் பிடித்து நிறுத்தும் வரியும் இங்கே இரண்டுமே இல்லை.

வரி மாற்றத்தைக் கவனிக்க வேண்டியவர், அணியைக் கட்டுப்படுத்தும் குடும்பத்தைவிடக் கையில் சில நூறு பங்கு வைத்திருக்கும் சிவகிரிக்காரர்தான். சென்னை அணியின் பங்கு பட்டியலிடாதது என்பதால், பட்டியலிட்ட பங்குகளுக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் ஆதாயம் வரை கிடைக்கும் விலக்கு இதற்குப் பொருந்தாது. நீண்ட கால விகிதமான 12.5 சதவீதம் கிடைக்கப் பங்கு 24 மாதத்துக்கு மேல் கையில் இருந்திருக்க வேண்டும். பட்டியலிட்ட பங்குக்கு 12 மாதம் போதும். அணிப் பங்கை 24 மாதத்துக்குள் விற்றால் ஆதாயம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவரவருக்கு உரிய விகிதத்தில் வரி விழும்.