குளக்கரையின் மணிச்சிரல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியிற் கலக்கும் வழுக்கியாற்றையே நாம் ஆறென்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். ஆயினும் கார்த்திகை, மார்கழியிற் குளங்கள் நிரம்பிவிட்டால், கரையோரக் கிளையிலே நீலமணி பதித்தாற்போல ஒரு சிறு பறவை அமர்ந்திருக்கக் காணலாம். அதுவே சிறு மீன்கொத்தி.

தந்திக் கம்பியில் நாம் நாளும் காணும் வெண்மார்பு மீன்கொத்தியென இதனை மயங்குதல் வேண்டா. அது பருத்தது, பல்லி, வெட்டுக்கிளி எதனையும் விழுங்கும். இதுவோ சுமார் 16 சென்ரிமீற்றர் நீளமும் 30 கிராம் அளவு நிறையுமே உடையது. முதுகு நீலம், வயிறு செம்மஞ்சள். கீழலகு சிவந்திருந்தால் பெட்டை. அலகு முழுதும் கறுத்திருந்தால் சேவல். முதுகின் நீலம் சாயமன்று என்பது மாணவர்க்கு வியப்பளிக்கும். இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறச் செய்தே அந்நிறத்தைக் காட்டுகின்றது.

சங்கப் புலவர் இதனைச் சிரல் என்றனர். ஆழ்ந்த மடுவை நோக்கிக் காஞ்சிக் கொம்பில் நெடுநேரம் காத்திருந்து கயலைக் கவரும் மணிச்சிரலைச் சிறுபாணாற்றுப்படையிலே காணலாம். அப்புலவர் குளக்கரையிற் பொழுது போக்கியவராதல் வேண்டும். பறவையின் வழக்கம் இன்றும் அதுவே. ஒளி முறிவினால் மீன் தோன்றும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. சிரல் அப்பிழையைத் திருத்திப் பாய்கின்றது! கவ்விய மீனைக் கிளையில் அடித்துத் தலைப்பக்கமாகவே விழுங்கும்; வால் முந்தினால் செட்டை தொண்டையிற் சிக்குமன்றோ? நீர் அதிகந் தெறியாமற் புகும் இதன் அலகை நோக்கியே, 1997இல் ஓடத் தொடங்கிய ஜப்பானிய அதிவேக ரயிலொன்றின் முகப்பை அமைத்தனர்.

இத்துணைத் திறமையுடைய பறவைக்கு வேண்டியது ஒரு மண்கரை. செங்குத்தான கரையில் வளை குடைந்து, அதன் கோடியில் வெண்ணிற முட்டைகளை இடும். குளங்களைத் திருத்துவோர் நாற்புறமும் சீமெந்துச் சுவர் எழுப்பி, நடைபாதையும் வாங்கும் அமைக்கின்றனர். குளம் அழகாகின்றது, நாமும் மாலையில் அங்கே உலாவுகின்றோம். ஆனால் சீமெந்தைக் குடைய 30 கிராம் பறவையால் ஆகுமா? ஒரு பக்கத்தையேனும் மண்ணாக விட்டுவைத்தால் செலவும் குறையும்.

சென்ற மார்கழியில் நாம் பார்த்த குளமொன்றில், மூன்று பக்கம் சுவர் எழும்பியிருந்தது. நான்காம் பக்கத்து அலரிக் கொம்பில் ஒரு சிரல் இருந்தது. அப்பக்கத்திலும் கல் வந்து குவிந்திருந்தது.