எழுத்து எழுத்தாக ஒரு பெயர்



போன இதழ் கடைக்குப் போன மூன்றாம் நாள் ஒரு வாசகி தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கடிதத்தைப் போட்டிருந்தோம். பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. "லெட்டரைப் போடாமலே இருந்திருக்கலாம் சார், பேரைக் கெடுத்துட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்று இருந்திருக்கும். மெய்ப்புப் பார்ப்பவர் தொடங்கி நான் வரை நாலு பேர் பார்த்த பக்கம் அது. நாலு பேர் கண்ணிலும் படவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்த இதழில் திருத்தம் போட்டிருக்கிறோம்.

அதே வாரம் மேசைக்கு இன்னொரு பெயர்த் தகராறு வந்தது. அமெரிக்க அரசியல் பற்றி வந்த ஒரு கட்டுரையில் அலாஸ்கா மாநிலத்தின் செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கியின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. முர்கோவ்ஸ்கியா, மர்கவ்ஸ்கியா, முர்க்கௌஸ்கியா? அலுவலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. கடைசியில் ஆசிரியர் என்கிற அதிகாரத்தைக் காட்டி முதலாவதை வைத்தேன். கட்டுரைக்கு இந்த இதழில் இடம் இல்லை. அந்த அம்மாள் மட்டும் என் பக்கத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் செனட்டுக்கு வந்த கதை ஒன்றும் பெருமைப்படும்படியானது அல்ல. அப்பா ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி 1981 முதல் அலாஸ்காவின் செனட்டர். 2002-இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். அவர் காலி செய்த செனட் இடத்துக்கு ஆள் போடும் உரிமை ஆளுநருடையது. அதாவது அவருடையதே. மகளைப் போட்டார். நம்மூர் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அலாஸ்கா மக்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. இப்படி நியமிப்பதற்குப் பதில் இடைத்தேர்தல் வைக்க வேண்டும் என்று 2004-இல் வாக்களித்துச் சட்டத்தையே மாற்றினார்கள். வேடிக்கை, அதே ஆண்டு மகளையும் ஜெயிக்கவைத்தார்கள்.

2010-இல் விழுந்தது அடி. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் முதல்நிலைத் தேர்தலில், வலதுசாரி டீ பார்ட்டி இயக்கத்தின் ஆதரவோடு நின்ற ஜோ மில்லரிடம் தோற்றுப்போனார். வாக்குச்சீட்டில் அவர் பெயரே இருக்காது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். முர்கோவ்ஸ்கி, 'என் பெயரை நீங்களே கையால் எழுதி எனக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று கிளம்பினார். அலாஸ்கா சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. சீட்டில் ஒரு காலிக்கோடு இருக்கும். பக்கத்தில் உள்ள வட்டத்தைக் கருப்பாக்கி, கோட்டில் பெயரை எழுத வேண்டும். ஆனால் அந்தப் பெயரை எழுதுவது அவ்வளவு லேசா? எங்கள் அலுவலகம் பட்ட பாட்டைத்தான் சொன்னேனே.

பிரசாரம் கிட்டத்தட்ட ஒன்றாம் வகுப்பு மாதிரி ஆனது. பெயர் பொறித்த ரப்பர் வளையங்களைக் கையில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள், சாவடிக்குள் பார்த்து எழுதலாம். தொலைக்காட்சி விளம்பரத்தில் எழுத்துக்கூட்டல் போட்டி நடந்தது. மாநிலத்தின் பூர்வகுடி மக்களும் அவர்களுடைய நிறுவனங்களும் பெரிய அளவில் பின்னால் நின்றார்கள். ஓட்டுகளை எண்ணும்போது மில்லர் தரப்பு ஒவ்வொரு சீட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இது கிறுக்கலாக இருக்கிறது என்று 8,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளுக்கு ஆட்சேபணை. அவை அத்தனையையும் ஒதுக்கிவிட்டாலும் முர்கோவ்ஸ்கிதான் முன்னால் நின்றார். விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. வாக்காளர் யாரை நினைத்து எழுதினார் என்பது தெளிவாக இருந்தால் போதும், எழுத்துப்பிழைக்காக ஓட்டைத் தள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது. (மெய்ப்புப் பார்ப்பவர்களின் வயிற்றில் பால் வார்க்கும் தீர்ப்பு.) கையால் எழுதிய பெயரில் ஒருவர் செனட் தேர்தலில் வென்றது 1954-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அப்பா கொடுத்த நாற்காலி அன்றோடு போயிற்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 2010-க்குப் பிறகு அவர் உட்கார்ந்தது ஒரு லட்சம் பேர் எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுத்த நாற்காலி. கட்சி கொடுத்தது அல்ல.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018-க்கு வாருங்கள்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் முன்மொழிவார், செனட் வாக்களித்து ஏற்க வேண்டும். நம் நாட்டில் கொலீஜியம் பார்த்துக்கொள்கிறது. நாடாளுமன்றம் ஓட்டுப் போடுவதில்லை. அங்கே ஒவ்வொரு நியமனமும் ஒரு தேர்தல் மாதிரி. அந்த ஆண்டு ஜூலையில் ட்ரம்ப் பிரெட் கேவனாவை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சிக்கு செனட்டில் 51 பேர், எதிரணிக்கு 49. செப்டம்பரில் கிறிஸ்டீன் பிளேசி ஃபோர்ட் என்ற பேராசிரியை, பள்ளிப் பருவத்தில் கேவனா தன்னிடம் பாலியல் வன்முறையில் ஈடுபட்டார் என்று குற்றம்சாட்டினார். கேவனா அடியோடு மறுத்தார். 27-ஆம் தேதி இருவரும் நீதித் துறைக் குழுவின் முன்னால் தனித்தனியே சாட்சி சொன்னார்கள். அமெரிக்கா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கேவனா கண்ணீரும் கோபமுமாகப் பேசினார். எதிர்க்கட்சியின் சதி என்றார், கேள்வி கேட்ட செனட்டர்களிடம் சீறினார். சில விஷயங்களைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னர் பத்திரிகையில் அவரே எழுதினார்.

அலாஸ்காவிலிருந்து பெண்கள் கூட்டங்கூட்டமாக விமானம் ஏறி வாஷிங்டன் வந்தார்கள். முர்கோவ்ஸ்கி அவர்களைச் சந்தித்துப் பேசினார். பூர்வகுடிகளின் கூட்டமைப்பும் கேவனாவை எதிர்த்தது. அவர்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. கூட்டாட்சி அரசின் பொறுப்பில் உள்ள ஆறுகளில் தங்கள் பிழைப்புக்கு மீன் பிடிக்கும் உரிமையை, கேட்டி ஜான் என்ற அத்தபாஸ்கன் மூதாட்டி பல ஆண்டுகள் வழக்காடிப் பெற்றுத் தந்திருந்தார். அந்த உரிமையைத் தொடக்கூடிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நின்றது. அலாஸ்காவில் சால்மன் என்பது குளிர்காலம் முழுவதற்குமான சோறு. எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர்கள் இப்போது அந்தப் பெயருக்கு உரியவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை காலை. விவாதத்தை முடித்து இறுதி வாக்கெடுப்புக்குப் போகலாமா என்பதற்கான ஓட்டு. சாதாரணமாக செனட்டர்கள் அங்குமிங்கும் நின்று பேசிக்கொண்டே விரலை ஆட்டி ஓட்டைச் சொல்வார்கள். அன்று எல்லோரும் தத்தம் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் அகரவரிசையில் பெயர்களை வாசித்தார். தன் முறை வந்ததும் முர்கோவ்ஸ்கி எழுந்து நின்று, காதில் விழுமோ விழாதோ என்ற குரலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அன்று காலை அவைக்குள் நடந்து வரும்வரை தான் முடிவெடுக்கவில்லை என்று பின்னர் நிருபர்களிடம் சொன்னார். கேவனா நல்ல மனிதர்தான், ஆனால் இந்த நேரத்தில் இந்த நீதிமன்றத்துக்கு ஏற்றவர் அல்ல என்பது அவர் சொன்ன காரணம். மாலை அவையில் பேசியபோது நீதிபதிகளின் நடத்தை விதியை எடுத்துக்காட்டினார். முறைகேடு செய்யாமல் இருந்தால் போதாது, முறைகேடு போலத் தோன்றவும் இடம் கொடுக்கக் கூடாது என்கிற விதி.

கட்சியில் எதிர்த்தது அவர் ஒருவர்தான். மிதவாதி என்று பெயர் வாங்கிய இன்னொருவரான மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், அதே நாள் பிற்பகலில் முக்கால் மணி நேரம் பேசி, கேவனாவுக்கு ஆதரவு என்று முடித்தார். எதிரணியிலிருந்து ஜோ மான்சின் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கணக்கு 51-க்கு 49. முர்கோவ்ஸ்கியின் 'இல்லை' எதையும் தடுக்கவில்லை.

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்று 1985-லேயே சட்டம் போட்டுவிட்ட நாட்டில் இருப்பவர்களுக்கு, அவர் மறுநாளும் அதே கட்சியில் அதே மேசையில் வந்து உட்கார்ந்தது ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. அடுத்து அவர் செய்த காரியத்தில்தான்.

இறுதி வாக்கெடுப்பு சனிக்கிழமை. மொன்டானா செனட்டர் ஸ்டீவ் டெய்ன்ஸுக்கு அன்று மகள் கல்யாணம். அவர் கேவனாவின் ஆதரவாளர். கல்யாணத்தை முடித்துவிட்டு ஓடி வந்தாக வேண்டுமோ என்ற தவிப்பு. செனட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து ஆள் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் தன் ஓட்டையும் நிறுத்திக்கொண்டு இணை சேரலாம். வித்தியாசம் அப்படியே இருக்கும், வராதவருக்கு உறுத்தலும் இல்லை. கட்சியையே எதிர்த்து நின்ற அந்த அம்மாள், கட்சிக்காரரின் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தன் 'இல்லை'யை விட்டுக்கொடுத்தார். எழுத்தர் பெயரைக் கூப்பிட்டபோது 'இருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்யச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நாம் சொன்ன 'உள்ளேன் ஐயா'தான்.

நம் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு, வழக்கு வாய்தா வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணம் என்றால் மட்டும் எதிர்க்கட்சி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். திங்கட்கிழமை கோர்ட்டில் மறுபடி பார்த்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம் இல்லை.

சனிக்கிழமை வாக்கெடுப்பின்போது செனட்டின் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். துணை அதிபர் மைக் பென்ஸ் ஒழுங்கை நிலைநாட்டும்படி காவலர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 50-க்கு 48. 1881-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஸ்டான்லி மேத்யூஸ் 24-க்கு 23 என்று தேறியதற்குப் பிறகு இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததில்லை. அன்று மாலையே கேவனா பதவியேற்றார்.

மெல்லிய குரலில் 'இல்லை' சொன்ன பெண் செனட்டர்களில் அவர் முதல்வர் அல்ல. 1970-இல் அதிபர் நிக்சன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த கார்ஸ்வெல் விஷயத்தில் மார்கரெட் சேஸ் ஸ்மித் இருந்தார். மேய்ன்காரர், அப்போது செனட்டில் இருந்த ஒரே பெண், தினமும் ஒரு ரோஜாப்பூவைக் குத்திக்கொண்டு வருபவர். கார்ஸ்வெல் சுமாரான நீதிபதி என்ற பேச்சு வந்தபோது, சுமாரானவர்களுக்கும் நீதிமன்றத்தில் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்று ஹ்ரஸ்கா என்ற செனட்டர் கேட்டுவிட்டார். ஆதரவுக்கு இதைவிடப் பெரிய கேடு யாரும் செய்திருக்க முடியாது. ஸ்மித் தன் ஓட்டை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளை மாளிகைத் தரப்போ 'அம்மா நம் பக்கம்தான்' என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களிடம் பரப்பிவிட்டது. அவர் காதுக்கு எட்டியது. கோபத்தோடு அவைக்கு வந்தார், 'இல்லை' என்றார். கார்ஸ்வெல் 45-க்கு 51 என்று தோற்றார். அந்த ஸ்மித்தின் நாற்காலியில்தான் இன்று காலின்ஸ் இருக்கிறார், பள்ளி மாணவியாக ஸ்மித்தைச் சந்தித்ததைப் பெருமையாகச் சொல்பவர்.

முர்கோவ்ஸ்கியைச் சிலையாக்கி வைக்க எனக்கு உத்தேசம் இல்லை. 2020 அக்டோபரில், தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றத்துக்கு ஏமி கோனி பாரெட்டின் நியமனம் இறுதி ஓட்டுக்கு வந்தது. இந்த அவசரம் தவறு என்று நடைமுறை ஓட்டில் எதிர்த்தவர், இறுதி ஓட்டில் 'ஆம்' என்றார். கட்சியில் தனியாக நின்று 'இல்லை' சொன்னது அன்று காலின்ஸ். மீன் வழக்கிலும் பயந்தது நடக்கவில்லை. 2019 மார்ச்சில் கேவனா உட்பட ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள், கேட்டி ஜான் பெற்ற உரிமையைத் தொடவில்லை. 2022-இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய பழைய தீர்ப்பு கவிழ்ந்தபோது மட்டும் கேவனா பெரும்பான்மையில் இருந்தார். அதைக் கவிழ்க்க மாட்டார் என்று முக்கால் மணி நேரப் பேச்சில் நம்பிக்கை தெரிவித்திருந்த காலின்ஸ் தான் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்.

அலாஸ்கா மக்கள் முர்கோவ்ஸ்கியை ஒருபோதும் மன்னிக்க மாட்டார்கள் என்று ட்ரம்ப் 2018-லேயே சொல்லியிருந்தார். 2021-இல் ட்ரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் அவர் குற்றவாளி என்று முர்கோவ்ஸ்கி வாக்களித்தார். மாநிலக் கட்சி கண்டனத் தீர்மானம் போட்டது. 2022-இல் ட்ரம்பின் ஆசியோடு கெல்லி சிபாகா எதிர்த்து நின்றார். இதற்குள் அலாஸ்கா வாக்காளர்கள் தேர்தல் முறையை மாற்றிவிட்டிருந்தார்கள். முதல்நிலைத் தேர்தல் கட்சிக்குள் நடப்பதில்லை, எல்லோரும் ஒரே சீட்டில். இறுதியில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். முதல் சுற்றில் இருவருக்கும் ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைக் கூட்டியபோது முர்கோவ்ஸ்கி ஏறக்குறைய 54 விழுக்காட்டோடு ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில் அவர் பெயர் சீட்டில் அச்சாகவே இருந்தது. கையில் வளையம் மாட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்