விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வீடு: சத்தம் மட்டும்தான் பிரச்சினையா?

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனால் எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும். என் கல்லூரித் தோழன் அப்படித்தான் சிக்கினான். கோவையில் வேலை கிடைத்து, சூலூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடினான். புரோக்கர் அண்ணன் சொன்னது இதுதான்: "காத்தோட்டமான எடமுங்க தம்பி. பக்கத்துலயே ஏர்ஃபோர்ஸ். பாதுகாப்புக்குப் பஞ்சமே இல்லீங்க." அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு முதல் ஆன்லைன் மீட்டிங். அவன் பேச ஆரம்பித்த நேரம், தலைக்கு மேல் போர் விமானம். "நெட்வொர்க் சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சேன்டா. தினமும் அதையே சொல்ல முடியுமா?" என்றான். இரண்டு மாதத்தில் வீட்டை மாற்றிவிட்டான். போனது கொஞ்சம் பணம், நிறைய தூக்கம்.

வாடகை வீடு என்பதால் கதை அதோடு முடிந்தது. அதே பகுதியில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர், வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போது "இங்கே கட்ட முடியாது" என்று பதில் வந்தால்? ராணுவத் தளத்துக்கு அருகே குடியேறுவதில் உண்மையான ரிஸ்க் இதுதான். இதைப் பற்றி யாரும் நமக்கு முன்கூட்டியே சொல்வதில்லை.

எல்லாத் தளமும் ஒன்றல்ல

முதலில் ஒரு தெளிவு. 'மிலிட்டரி ஏரியா' என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு தளத்தின் வேலையும் வேறு, அக்கம்பக்கத்து வாழ்க்கையும் வேறு.

கோவையையே எடுத்துக்கொள்வோம். நகருக்குள் ரெட்ஃபீல்ட்ஸில் இருப்பது விமானப்படையின் நிர்வாகக் கல்லூரி. அங்கே ஓடுபாதை கிடையாது. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, சூலூரை அடுத்த காங்கேயம்பாளையத்தில் இருப்பது முழுக்க முழுக்கப் பறக்கும் தளம். குன்னூர் வெலிங்டன் வேறு ரகம். அது கன்டோன்மென்ட். அங்கே உள்ளாட்சி நிர்வாகமே நகராட்சியிடம் இல்லை, கன்டோன்மென்ட் வாரியத்திடம் இருக்கிறது. பரங்கிமலை-பல்லாவரமும் அப்படித்தான். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியும் தஞ்சாவூர் விமானப்படைத் தளமும் மறுபடியும் பறக்கும் தளங்கள்.

ஆக, முதல் கேள்வி "தளம் எவ்வளவு தூரம்?" என்பதல்ல. "அங்கே என்ன நடக்கிறது?" என்பதுதான்.

சூலூரில் நிறையவே நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக உருவான விமானதளம் இது. தேஜஸ் போர் விமானங்களின் 45-வது ஸ்குவாட்ரன் 2018-ல் இங்கே வந்தது. 2020 மே மாதம் இரண்டாவது தேஜஸ் பிரிவான 18-வது ஸ்குவாட்ரனும் இங்கேயே செயல்படத் தொடங்கியது. சாகசம் காட்டும் சாரங் ஹெலிகாப்டர் குழுவின் தளமும் இதுதான். 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் கலந்துகொண்ட தரங் சக்தி பயிற்சியின் முதல் கட்டமும் இங்கேதான் நடந்தது.

அதாவது, சத்தம் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. பயிற்சிக் காலத்தில் கூடும், சில வாரம் குறையும். நீங்கள் வீடு பார்த்த வாரம் அமைதியான வாரமாக இருந்திருக்கலாம்.

தூரத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்

விமானச் சத்தத்தைப் பொறுத்தவரை, தளத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது பாதிக் கணக்குதான். ஓடுபாதையின் இரு முனைகளையும் நேராக நீட்டினால் ஒரு கோடு வரும். விமானம் தாழ்வாக வருவதும் முழு வேகத்தில் எழும்புவதும் அந்தக் கோட்டின் மேல்தான். அந்தக் கோட்டில் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டைவிட, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 3 கிலோமீட்டரில் இருக்கும் வீடு நிம்மதியாக இருக்க வாய்ப்பு உண்டு.

போனிலேயே இதைப் பார்த்துவிடலாம். மேப்பில் சாட்டிலைட் வியூ போடுங்கள். ஓடுபாதையைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு ஸ்கேலை வைத்து நீட்டிப் பாருங்கள். நீங்கள் பார்த்திருக்கும் வீடு அந்தக் கோட்டில் விழுகிறதா? விழுந்தால், வார நாளில் காலையிலிருந்து மாலை வரை ஒரு முழுநாள் அங்கே இருந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். இரவுப் பறப்பு உண்டா என்பதைப் பக்கத்து மளிகைக் கடை அக்காவிடம் கேளுங்கள். புரோக்கரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கோவையின் கிழக்குப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சித்ராவில் சிவில் விமான நிலையமும் இருக்கிறது. இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் வீடு தேடுபவர்கள் இரண்டு கோட்டையும் பார்க்க வேண்டும்.

அதே நேரம், அமைதி என்பது ஒப்பீட்டு விஷயம். விமானச் சத்தத்துக்குப் பயந்து சோமனூர், பல்லடம் பக்கம் போனால் அங்கே தறிச் சத்தம். ஒன்று நாளில் சில நிமிடம் காதைப் பிளக்கும். இன்னொன்று நாள் முழுக்க ஒரே தாளத்தில் ஓடும். உங்களுக்கு எது தாங்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யாருக்கு எந்த இடம்?

தளத்திலேயே வேலை பார்ப்பவர் என்றால் கணக்கு எளிது. உள்ளே குடியிருப்பு கிடைத்தால் பள்ளி, கேன்டீன், மருத்துவம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். குடியிருப்புக்குக் காத்திருக்கும் காலத்துக்கு மட்டும் வெளியே வாடகை வீடு என்றால், காங்கேயம்பாளையம், சூலூர் டவுன், கலங்கல் போன்ற அருகிலுள்ள இடங்கள் போதும். கேந்திரிய வித்யாலயாவில் இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. இடமாற்ற ஆணை கைக்கு வந்ததுமே பள்ளியைத் தொடர்புகொள்வது நல்லது.

தனியார் வேலைக்காக வருபவருக்குத் தளம் அருகில் இருப்பதால் தனிப் பலன் எதுவும் கிடையாது. கேன்டீனும் கிடைக்காது, பள்ளியில் முன்னுரிமையும் கிடைக்காது. உங்கள் ஆபீஸ் எங்கே என்பதுதான் முக்கியம். சரவணம்பட்டி, கீரணத்தம் ஐ.டி. பக்கம் வேலை என்றால், சூலூரில் வாடகை மிச்சம் பிடித்து அதைப் பெட்ரோலில் விடுவது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள். திருச்சி சாலையிலேயே வேலை என்றால் ஒண்டிப்புதூர், சிந்தாமணிப்புதூர், சூலூர் வரிசை வசதிதான்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்துபூர்வ ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது அதே சட்டம். இரண்டாவது, இடமாற்றம் வந்தால் எத்தனை நாள் நோட்டீஸில் காலி செய்யலாம், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்பதை ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

வாங்குவதென்றால்: வில்லங்கச் சான்று போதாது

இனிதான் சீரியஸ் பகுதி. மனை வாங்கும்போது நாம் வழக்கமாக என்ன பார்ப்போம்? வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம், பெரிய திட்டமாக இருந்தால் ரெரா பதிவு. நான்கும் கிளீனாக இருந்தால் நிம்மதி.

ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே. யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். "இந்த மனை ராணுவத் தளத்தின் தடை எல்லைக்குள் வருகிறது" என்று அதில் ஒரு வரியும் இருக்காது.

தடை எல்லை எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 1903-ம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம். ராணுவ இடத்தைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்று மத்திய அரசு இதன்படி அரசிதழில் அறிவிக்கலாம்.

இரண்டு, விமான நிலையங்களைச் சுற்றியுள்ள உயரக் கட்டுப்பாடு. 2015-ம் ஆண்டு விதிகளின்படி, குறிப்பிட்ட சுற்றளவுக்குள் கட்டடத்தின் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று தேவைப்படலாம். ராணுவ விமானதளம் என்றால் அதைப் பாதுகாப்புத் துறை தர வேண்டும். தள்ளி இருக்கும் சாதாரண ஒரு மாடி வீட்டுக்கு இது பெரும்பாலும் சிக்கலாகாது. ஓடுபாதைக்கு மிக அருகில், அதன் நேர்க்கோட்டில் இருந்தால் நிலைமை வேறு. அபார்ட்மென்ட் வாங்குபவர்கள் பில்டரிடம் இந்தச் சான்றின் நகலைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் சுற்றறிக்கைகள். 2011-ல் வந்த சுற்றறிக்கை, ராணுவ நிலையங்களிலிருந்து 100 மீட்டருக்குள் கட்ட ராணுவத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது. 2016-ல் அதைத் திருத்தியபோது, பல நிலையங்களுக்கு அந்தத் தூரம் 10 மீட்டராகக் குறைந்தது. ஒரே மனை, ஒரே சுவர். காகிதம் மாறியதும் கட்டலாமா கூடாதா என்பதே மாறிவிட்டது. சட்டப்படி அரசிதழில் அறிவித்தால் நில உரிமையாளர் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. சுற்றறிக்கைக்கு அந்த வழி கிடையாது.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹரியானாவின் குருகிராமைப் பார்க்கலாம். அங்கே விமானப்படை வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 900 மீட்டர் தடை வட்டம் உண்டு. அதற்குள்ளேயே குடியிருப்புகள் வளர்ந்துவிட்டன. நீதிமன்றம், இடிப்பு நோட்டீஸ், அங்கீகாரம் இல்லாத வீடு என்று அந்த மக்கள் பல வருஷமாக அல்லாடுகிறார்கள். விற்றவர் பணத்தோடு போய்விட்டார். வாங்கியவர் ஃபைலோடு அலைகிறார்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

1. மனை தளத்தின் சுற்றுச்சுவரிலிருந்து எத்தனை மீட்டர்? மேப்பில் நீங்களே அளந்து பாருங்கள்.
2. அந்த சர்வே எண் ஏதாவது தடை அறிவிப்பில் வருகிறதா? வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி அல்லது பேரூராட்சியிலும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.
3. பக்கத்து மனையில் கடைசியாக எப்போது கட்டட அனுமதி கிடைத்தது? "எல்லாரும் கட்டியிருக்காங்களே" என்பது ஆதாரமல்ல. அனுமதி எண்தான் ஆதாரம்.
4. அங்கே வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்கின்றனவா? கையில் முழுப் பணம் இருந்தாலும் வங்கி வக்கீலிடம் ஒரு கருத்து வாங்குங்கள். வங்கி தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.
5. கன்டோன்மென்ட் எல்லைக்குள்ளா? அப்படியென்றால் நிலத்தின் உரிமை யாருடையது, கட்டடம் மட்டும்தான் விற்கப்படுகிறதா என்று பாருங்கள்.

குடியேறிய பிறகும் சில விஷயங்கள் உண்டு. மொட்டை மாடியிலிருந்து டிரோன் விட நினைத்தால், 2021 டிரோன் விதிகளின்படி அது சிவப்பு மண்டலமா என்று டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பாருங்கள். தளத்தை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடாதீர்கள். குப்பையைத் திறந்தவெளியில் கொட்டாதீர்கள். குப்பைக்குப் பறவை வரும், பறவை விமானத்துக்கு ஆபத்து. விமானதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு இதற்குத் தடையே இருக்கிறது.

சொல்ல வேண்டியது யார்?

தளத்தின் பக்க நியாயத்தையும் பேச வேண்டும். சூலூரில் விமானம் முதலில் வந்தது, நம் வீடுகள் பிறகுதான் வந்தன. ஓடுபாதையின் முனையில் உயரமான கட்டடம் வந்தால் ஆபத்து விமானிக்கு மட்டுமல்ல, கீழே இருப்பவருக்கும்தான். கட்டுப்பாடு தேவை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கட்டுப்பாடு இருப்பதே வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதை எப்படி ஏற்பது? வேடிக்கை என்னவென்றால், அந்த 1903 சட்டமே இதை யோசித்திருக்கிறது. வரைபடத்தை மக்கள் எங்கே பார்க்கலாம் என்று அறிவிப்பில் சொல்ல வேண்டும், அந்தப் பகுதியில் பொது இடங்களில் ஆட்சியர் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. தண்டோரா போட்ட காலத்துச் சட்டம் மக்களிடம் சொல்லச் சொல்கிறது. நிலப் பத்திரத்தை போனிலேயே பார்க்கும் காலத்தில் நாம் புரோக்கர் வாயை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பதிவுத் துறையால் இதைச் செய்ய முடியாதா? முடியும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசு நிலம் ஆகியவற்றின் பத்திரப்பதிவை மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. ராணுவத் தடை எல்லைக்குப் பதிவை மறுக்கக்கூட வேண்டாம். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுக்கும்போது "கட்டடக் கட்டுப்பாடு உள்ள பகுதி" என்று ஒரு வரி வந்தால் போதும். அரசிதழில் வெளியான எல்லைதானே, அதில் ரகசியம் எதுவும் இல்லை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும்போதே அந்தக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லலாம். விளம்பரத்தில் "ஏர்ஃபோர்ஸ் அருகில்" என்று பெரிய எழுத்தில் போடுபவர், தூரத்தையும் தடையையும் அதே எழுத்தில் போடட்டும்.

அந்த ஒரு வரி வரும்வரை நமக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: முதலில் வாடகை, பிறகு வாங்குவது. ஒரு வருஷம் அங்கே வாழ்ந்து பாருங்கள். பயிற்சிக் காலத்தையும் கோடைத் தண்ணீரையும் பாருங்கள், தெருக்காரர்களின் அனுபவத்தைக் கேளுங்கள். அதன் பிறகும் அந்த ஊர் பிடித்திருந்தால், ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் போடாதீர்கள்.