இந்தியா என்றால் தேவநாகரியா?

லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைத் தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்ட தோழர்கள் சிலர், அதில் தமிழ் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளுகிறார்கள். தமிழ் வராமலில்லை. அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது என்பதே நமது ஆட்சேபணை.

எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பதற்கு அதில் அட்டவணைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தேசத்தின் பேரால் வகுக்கப்பட்டவை. ஒன்றும் கேளாதவனுக்கு அமெரிக்க அட்டவணை கிடைக்கும். வேறு மொழி குறிப்பிடாமல் 'இந்தியா' என்று மாத்திரம் கேட்டவனுக்குக் கிடைப்பதோ தேவநாகரி! தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், ஏன், ரூபாய்க் குறி சேர்த்த இங்கிலீஷ்கூட அதன் கீழே 'வகை'களாக உட்கார்ந்திருக்கின்றன. இலங்கை என்று கேட்டால் சிங்களம் முன்னே வரும். அங்கும் தமிழ் ஒரு வகைதான். ஆகவே இரண்டு வீட்டிலும் தமிழனுக்குத் திண்ணைதானே தவிர கூடத்தில் இடமில்லை.

"வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாமே, இதற்கென்ன கூச்சல்?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். மாற்றிக்கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ஆனால் மாற்றுகின்ற வேலை சிலர் தலையிலேயே விழுவானேன்? இந்திக்காரருக்கு மாத்திரம் அந்தத் தொல்லை இல்லாதிருப்பானேன்? ஜனங்களில் அநேகர் முன்னே வைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளுகிறவர்கள். தட்டச்சு யந்திரத்துக்காக அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் அமைத்து, 1874-ல் ரெமிங்டன் கம்பெனியார் விற்கத் தொடங்கியதை ஒட்டிய எழுத்து வரிசையைத்தானே உலகம் இன்னமும் கேள்வி கேட்காமல் தட்டிக்கொண்டிருக்கின்றது! அப்படியிருக்க, எதை முன்னே வைப்பது என்பது அற்ப சங்கதியாகுமா?

"ஒரு தேசத்துக்கு ஏதேனும் ஒன்று முதலில் இருந்துதானே தீரவேண்டும்?" என்பது இன்னொரு சமாதானம். தேசத்தின் பேரைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்றுதான் நாம் கேட்கின்றோம். அதே அட்டவணைக் கூட்டத்தில் அரபிக்கு ஒரு தேசத்தின் பேரல்ல, மொழியின் பேரே இருக்கின்றது. தேசமே இல்லாத எஸ்பெராண்டோவுக்கும் அதன் சொந்தப் பேரிலேயே தனி அட்டவணை உண்டு. எஸ்பெராண்டோவுக்குச் செய்யக்கூடியது தமிழுக்குக் கூடாதா?

தமிழுக்குத் தகுதியான அட்டவணை இல்லை என்றும் யாரும் சொல்லமுடியாது. 1999-ல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 இருக்கின்றது. உயிரெழுத்து இடது கைக்கு. க, ப, ம, த, ந, ய என்று அடிக்கடி வருகின்ற மெய் வரிசைகள் வலது கை விரல்கள் தங்குமிடத்திலேயே. இவ்வளவு இருந்தும், நம்மவர்களில் பலர் 'அம்மா' என்று எழுத இங்கிலீஷ் எழுத்துக்களைத் தட்டி, அது தமிழாக மாறும்வரை காத்திருக்கிறார்கள்! அமைப்புகளில் விசைப்பலகை என்ற பகுதியைத் திறந்து தமிழ்நெட்99 என்பதைச் சேர்த்துக்கொள்ள அரை நிமிஷம் போதும்.

லினக்ஸின் அட்டவணையோ, இன்னார் படிக்கலாம் இன்னார் படிக்கக்கூடாது என்கின்ற சாஸ்திரமல்ல. யாரும் திறந்து படிக்கலாம். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். கணினி கற்ற நம் இளைஞர்கள் தமிழ் என்ற பேரிலேயே ஓர் அட்டவணையை எழுதி, அதைப் பேணுகிறவர்களிடம் அனுப்பட்டும். மறுப்பார்களானால், எஸ்பெராண்டோவைக் காட்டிக் காரணம் கேட்கட்டும்.