கேதுருப் பலகையும் கொடாத கூலியும்



ஆலயக் கட்டட நிதி திரட்டும் காலங்களில் ஆகாய் முதலாம் அதிகாரம் பிரசங்க பீடங்களில் தவறாமல் ஒலிக்கிறது. கர்த்தருடைய வீடு பாழாய்க் கிடக்க, ஜனங்கள் மச்சுப்பாவப்பட்ட வீடுகளில் குடியிருந்தார்கள்; ஆகையால் கடன்பட்டாவது காணிக்கை தாருங்கள் என்கிறார்கள். இது வேதத்தில் பாதியை மட்டும் வாசிப்பதாகும்.

மச்சுப்பாவுதலைக் குறிக்கும் எபிரெய வினைச்சொல் 'ஸாஃபன்'. பலகையால் மூடுதல் என்பது அதன் பொருள். சாலொமோன் கட்டிய ஆலயத்தைக் கூறும் 1 இராஜாக்கள் 6:9-இலும், அதன் பெயர்ச்சொல் வடிவம் 6:15-இலும் வருகின்றன. உட்சுவர்கள் கேதுருப் பலகையால் மூடப்பட்டதால் ஒரு கல்லும் காணப்படவில்லை.

அதே சொல்லை எரேமியாவும் எடுத்தாளுகிறார் (22:14). கி.மு. 609 முதல் 598 வரை அரசாண்ட யோயாக்கீம், கேதுருவால் மச்சுப்பாவிய அரண்மனையைக் கட்டினான். வேலை செய்தவனுக்கோ கூலி கொடுக்கவில்லை. அவன்மேல் தீர்க்கதரிசி 'ஐயோ' என்று முழங்கினார். ஆக, பலகையில் பரிசுத்தமும் இல்லை, பாவமும் இல்லை. அது யாருடைய வியர்வையின்மேல் அறையப்பட்டது என்பதையே கர்த்தர் விசாரிக்கிறார்.

கி.மு. 520-இல் ஆகாய் உரைத்த வார்த்தையும் முதலாவது ஏழைகளுக்கு வரவில்லை. தேசாதிபதி செருபாபேலுக்கும் பிரதான ஆசாரியன் யோசுவாவுக்கும் வந்தது (1:1). கர்த்தர் கேட்டதும் கேதுரு அன்று. மலையின்மேல் ஏறி மரம் கொண்டுவரச் சொன்னார் (1:8). இவற்றை மறைத்துவிட்டு, நான்காம் வசனத்தை மட்டும் விதவையின் முன்னே நீட்டுவது எவ்விதத்தில் நியாயம்?

"அப்படியானால் ஆலயம் கட்டலாகாதா?" என்பீர்கள். கட்டுங்கள், கட்டும்படியே ஆகாய் எழுப்பப்பட்டார். ஆனால் கூலியாளின் கூலி விடியுமட்டும் உங்களிடத்தில் தங்கலாகாது என்று லேவியராகமம் 19:13 கட்டளையிடுகிறது. கொத்தனுக்கும் தச்சனுக்கும் பாக்கி வைத்துவிட்டுப் பிரதிஷ்டை விருந்து நடத்துகிற சபை, சாலொமோனின் பெயரைச் சொல்லிக்கொண்டு யோயாக்கீமின் வீட்டைக் கட்டுகிறது.

யோயாக்கீமின் தகப்பனாகிய யோசியா சிறுமையும் எளிமையுமானவனுக்கு நியாயம் செய்தான். தம்மை அறிவதென்பது அதுவே என்றார் கர்த்தர் (எரேமியா 22:16). கட்டடக் குழுவினரே, அடுத்த பலகையை வாங்குமுன் கூலிக் கணக்கைச் சபையின்முன் வாசியுங்கள். சபையாரே, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கர்த்தர் நம்மை நீதியிலே கட்டுவாராக. ஆமென்.