தமிழ்வழிக் கல்வியும் வாய்திறவா மாணவரும்

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர் தமிழ் மாணவர். அடிபட்டனர், சிறைப்பட்டனர், உயிரும் ஈந்தனர். அவர்தம் வழிவந்தோர் இன்று கல்லூரி வகுப்பறையில் செய்வது என்ன? ஆங்கிலத்திற் சொல்லப்படுவதை அப்படியே எழுதிக்கொள்கின்றனர். பொருள் விளங்காவிடினும் நெட்டுருச் செய்கின்றனர். தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு மறுநாளே மறந்துவிடுகின்றனர். வடக்கிருந்து வந்த மொழியை வாயிலிலேயே மறித்த துணிவு, கடல்கடந்து வந்த மொழி அறிவின் அரியணையில் அமர்ந்திருப்பதைக் கண்டு வாளா இருப்பது ஏன்?

“தமிழில் நூல் இல்லை, கலைச்சொல் இல்லை” என்பது அடிமை மனத்தினர் ஓயாது பாடும் பழம்பாட்டு. நூல் வந்தபின் பயிற்றுவோம் என்பர். பயிற்றினாலன்றி நூல் வாராது என்பதை மறைப்பர். நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவர்?

யாழ்ப்பாண வரலாறு இப் பொய்யை உடைக்கும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுகு கிரீன், முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் பயிற்றினார். பட்டறிவு அவரை மாற்றியது. 1864 முதல் தமிழிலேயே பயிற்றலானார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ் நூல்கள் எழுந்தன. அவரிடம் பயின்ற மாணவர்களே மொழிபெயர்ப்பிற்குத் தோள் கொடுத்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. அந் நூல்களில் வடசொற்கள் மிகுதி என்பது உண்மையே. ஆயினும், தமிழ் வழியாக மருத்துவம் கற்க இயலும் என்பதை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே ஓர் அயலவரும் அவர்தம் தமிழ் மாணவரும் மெய்ப்பித்தனர். இன்றைய தமிழர் இயலாது என்கின்றனர். எத்துணை நாணத்தக்க நிலை!

பிற இனத்தார் செய்ததையும் காண்க. 1913-இல், ஐபா நகரில் எழவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியற் பாடங்களைச் செருமானியத்தில் பயிற்றுவதென அதன் ஆட்சியினர் முடிவு செய்தனர். அவ் வமைப்பின் பள்ளிகளில் பயின்ற யூத மாணவரும் ஆசிரியரும் வகுப்புகளை விட்டு வெளியேறினர். 1914-இல் ஆட்சியினர் இறங்கி வந்தனர். போரினால் காலந்தாழ்ந்து 1924-இல் கல்லூரி தொடங்கியபோது எபிரேயமே பயிற்றுமொழியாயிற்று. பல நூற்றாண்டுகளாக வீட்டில் பேசப்படாதிருந்த மொழி அது! என்றும் வழக்கு வீழாத தமிழுக்கோ தகுதியில்லையாம்!

தமிழகத்தில் நடந்தது என்ன? 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கிற்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அவ் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சேர்வோர் குறைவு என்பதே சொல்லப்பட்ட தலைக்கீடு. நல்ல நூலும் ஆசிரியரும் தாராமல் பட்டினியிட்டு, பின் மெலிந்துவிட்டது என்று கைவிடுவது எவ்வகை அறம்?

ஆட்சியினரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் கொடுப்பாரும் இரார். மாணவர் செய்யத்தக்க பணிகள் பல. ஒவ்வொரு துறையிலும் ஐவர் அறுவர் கூடிப் பாட வட்டம் அமைக்கலாம். அன்றன்று கேட்ட பாடத்தை அன்றன்றே தமிழில் எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தலாம். மூன்றாண்டு முடிவில் அதுவே பாடநூலின் கருவாகும். கலைச்சொற்களைத் தொகுத்து அடுத்த வகுப்பினர்க்கு ஒப்படைக்கலாம். வினாத்தாளில் காணும் பிழைத்தமிழைத் திரட்டிப் பாடத்திட்டக் குழுவுக்கு எழுத்து வடிவில் அனுப்பலாம். தேர்வைத் தமிழில் எழுதும் உரிமையைக் கேட்கலாம். ஆங்கிலவழி மாணவரையும் தம் தாய்மொழியில் தேர்வெழுத விடுமாறு 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழக நல்கைக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தில்லி சொன்ன பின்னும் தமிழ் மாணவர் கேளாதிருப்பரேல், பழி யாரைச் சாரும்?

“தமிழில் படித்தால் சோறு கிட்டுமா?” என்பர். தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்களை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. அது போதாது, தனியார் துறையிலும் வழி திறக்கப்படல் வேண்டும். ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் கூறவில்லை. அதனை ஒரு மொழியாக நன்கு கற்கட்டும். விளங்காத மொழியில் வேதியியலைக் கற்பவன் வேதியியலையும் கல்லான்; அம் மொழியையும் கல்லான்.

அன்று தெருவில் சிந்திய குருதி, இன்று வகுப்பறையில் மையாக வேண்டும். எழுக தமிழ் மாணவர்! கேட்க! எழுதுக! வெல்க தமிழ்!