கோட்டாறு சவேரியாரும் ஜப்பான் மொழியும்

நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றில் ஆண்டுதோறும் சவேரியார் திருவிழா நடக்கிறது. டிசம்பர் 3-ந் தேதி திருநாள். அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சாதி மத பேதம் இல்லாமல் கூட்டம் அலைமோதும்.

அந்தச் சவேரியார் ஜப்பானுக்கும் போனவர் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அங்கே அவர் மொழி தெரியாமல் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. இன்று நம் பிள்ளைகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறார்கள். 2021-ம் ஆண்டு ஜனவரியில் இரு நாடுகளும் அதற்கென ஓர் ஒப்பந்தமே செய்து கொண்டன. ஜப்பான் மொழியில் தேர்வு எழுதித் தேறினால்தான் அந்த வேலை கிடைக்கும். ஆகவே சவேரியாரின் கதையை இப்போது எடுத்துச் சொல்வது பொருத்தம்.

"வேணும்" செய்த வேலை

சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். ஸ்பெயின் நாட்டின் வடக்கே மலைப்பகுதியில் பேசும் மொழி அது. 1542-ம் ஆண்டு அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என்ன செய்தார்? தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த சிலரைக் கூட்டி உட்கார வைத்தார். பல நாள் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கினார்கள். அவர் அதை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக் கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

1544-ம் ஆண்டு கடைசியில் அவர் குமரிக் கடற்கரையில் ஊர் ஊராகப் போனதும் இதே முறையில்தான்.

ஆனால் நடுவில் ஒரு கோளாறு. "நான் விசுவாசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் நுழைந்து விட்டது! "கடவுளை நம்புகிறேன்" என்று சொல்ல வேண்டியவர்கள் "எனக்கு வேணும்" என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். சவேரியார் இதை எப்படியோ கண்டு கொண்டார். மறைக்கவில்லை. உடன் ஊழியம் செய்த மான்சிலாஸ் என்பவருக்கு 1544-ல் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு "நான் சொன்னது தப்பு" என்று ஒப்புக் கொள்வது சிறிய காரியம் அல்ல.

கொலைக்கு அஞ்சி ஓடி வந்தவர்

1547-ம் ஆண்டு மலாக்காவில் ஒரு ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். பெயர் அஞ்சிரோ. ஊர் ககோஷிமா. அங்கே ஒரு கொலை செய்து விட்டு, தப்பிப் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏறியவர். மனம் நொந்து ஆறுதல் தேடி வந்தார். சவேரியார் அவரைக் கோவாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அஞ்சிரோ சில மாதங்களிலேயே போர்த்துக்கீசு எழுதப் படிக்கக் கற்றார்.

1549-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இருவரும் ககோஷிமாவில் இறங்கினார்கள். கூடப் போனவர்களில் அமதோர் என்ற மலபார்க்காரரும் ஒருவர்.

ஜப்பானியர்கள் சூழ்ந்து நின்று ஏதேதோ கேட்டார்கள். இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிலை போல நின்றதாகச் சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 43. குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்கினார். 40 நாளில் பத்துக் கட்டளைகளை ஜப்பான் மொழியில் சொல்லப் பழகினார். அஞ்சிரோ மொழிபெயர்த்ததை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக் கொண்டு, புத்த கோவில் வாசலில் நின்று படித்தார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

அங்கே நின்ஷிட்சு என்ற வயது முதிர்ந்த புத்தத் துறவி அவருக்கு நண்பரானார். மதம் வேறு, மொழி வேறு. ஆயினும் ஆன்மா அழியுமா அழியாதா என்று இருவரும் பல முறை பேசினார்கள்.

மீண்டும் ஒரு சொல்

கடவுளுக்கு ஜப்பான் மொழியில் என்ன சொல் என்று சவேரியார் அஞ்சிரோவைக் கேட்டிருந்தார். "தைனிச்சி" என்றார் அஞ்சிரோ. சவேரியாரும் இரண்டு வருடம் அப்படியே போதித்தார். யமகுச்சி என்ற ஊரில் ஒரு பிரிவைச் சேர்ந்த புத்தத் துறவிகள் அவரை ஆசையோடு வரவேற்றார்கள். "நாம் ஒரே மதம்தான்" என்றார்கள். சவேரியாருக்குச் சந்தேகம் தட்டியது. விசாரித்தார். தைனிச்சி என்பது அவர்கள் வணங்கும் புத்தரின் பெயர்! வடமொழியில் வைரோசனர் என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்த பெயரைச் சொன்னால், புதிதாக ஒரு புத்தப் பிரிவு வந்திருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்?

அஞ்சிரோ ஏமாற்றவில்லை. அவர் பெரிய நூல்களைப் படித்தவர் அல்லர். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். அன்புள்ள நண்பர் சொன்னார் என்பதற்காக ஒரு சொல் சரியாகி விடாது.

1551-ல் சவேரியார் மீண்டும் திருத்தினார். கூட இருந்த பெர்னாண்டஸ் என்பவரைத் தெருவில் நின்று "தைனிச்சியை வணங்காதீர்கள்" என்று சொல்லச் செய்தார். பதிலுக்கு "தேயுஸ்" என்ற லத்தீன் சொல்லையே வைத்தார். அதையும் எதிரிகள் விடவில்லை. "தாய் ஊசோ" என்று திரித்துக் கேலி செய்தார்கள். அதற்குப் "பெரிய பொய்" என்று அர்த்தம்!

நமக்குள்ள வசதி

மொழியைப் பழகித்தான் பிடிக்க வேண்டும் என்று குமரி மாவட்டத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. களியக்காவிளைப் பக்கம் இலக்கணம் படித்தா மலையாளம் பேசுகிறார்கள்? அங்கே "குடிக்க வெள்ளம்" என்று கேட்டால் தண்ணீர் வரும். சென்னையில் கேட்டால் திகைப்பார்கள்.

தமிழருக்கு ஜப்பான் மொழி ஒரு விதத்தில் சுலபம். நாம் "நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்" என்கிறோம். அவர்கள் "வதாஷி வா கோஹான் ஓ தாபெமாஸ்" என்பார்கள். வரிசை மாறவே இல்லை. வினைச்சொல் கடைசியில் வருகிறது. "கோஹான்" என்றால் சோறு, சாப்பாடு என்ற இரண்டு அர்த்தமும் உண்டு. "ஓ" என்பது நம் "ஐ" உருபு. சவேரியாருக்கு இந்த வசதி ஏது?

எழுத்து மட்டும் கஷ்டம். அதற்குப் பள்ளிக்கூடமும் புத்தகமும் வேண்டும். பேச்சுக்கு நண்பர்கள் வேண்டும். ஜப்பானுக்குப் போனவர்கள் தமிழர்களோடு மட்டும் சேர்ந்திருந்து, அறையில் தமிழ்ப்படம் பார்த்துக் கொண்டிருந்தால் பேச்சு எப்படி வரும்? விடுமுறை நாளில் கூட வேலை செய்யும் ஜப்பானியரோடு கடைக்குப் போகலாம், சேர்ந்து சமைக்கலாம்.

ஒரு சங்கடம் உண்டு. ஜப்பானியர் மரியாதை மிகுந்தவர்கள். நாம் தப்பாக இரண்டு வார்த்தை சொன்னாலும் "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்று புகழ்வார்கள். தப்பைச் சொன்னால் மனம் வருந்துமோ என்று பேசாமல் இருந்து விடுவார்கள். அதனால் நாமே கேட்க வேண்டும். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். கேட்பதற்கான வாக்கியம் இது: "கொரே வா தாதாஷீ தெஸ் கா?" அதாவது "இது சரியா?" கடைசியில் வரும் "கா" என்பதுதான் நம் "சரியா"வில் உள்ள "ஆ".